ஓடைக்கு நடுவே நின்றவர்

எனக்கும் என் மாமியாருக்கும் பேச்சு நின்றுபோனால் நடுவில் தூது போவது என் கணவரின் அண்ணன்தான். அவர் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. கணவனின் அண்ணன் பெயரைப் பெண்கள் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நேரில் மாமா என்பேன், மற்றவர்களிடம் மூத்தார் என்பேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பார்கள். மாமியார் கிண்டும் களியை நாய்கூட மோந்து பார்க்காது, போய்ச் சொல்லுங்கள் என்று ஒருநாள் கொதித்துப்போய் மூத்தாரை அனுப்பினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அம்மா, நெருப்புக்கிட்ட நின்று நின்று நீ இளைத்துப்போய்விட்டாயாம், நாளையிலிருந்து களி கிண்டும் வேலையை அவள் பார்த்துக்கொள்கிறாளாம் என்று அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் மாமியார் சிரித்த முகத்தோடு வந்து துடுப்பை என் கையில் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்த துடுப்பை அவள் சாகும்வரை நான் கீழே வைக்கவில்லை.

அதுதான் மூத்தார். ஒரு கசப்பான சொல்லை இருந்தபடியே இன்னொரு காதில் கொண்டுபோய்ப் போட அவரால் முடியாது. ஆள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். யார் பேசினாலும் பேசி முடிக்கும் முன்பே தலையாட்டத் தொடங்கிவிடுவார். "சொல்லிரலாம் உடுங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதுமே கோபமாக வந்தவனுக்குப் பாதிக் கோபம் போய்விடும். மீதிப் பாதியை அவர் வழியிலேயே எங்காவது போட்டுவிட்டுப் போவார்.

எங்கள் ஊர் மலைமேல் திருப்புலி நாட்டில் இருக்கிறது. மலைக்கு ரோடு வராத காலம் அது. மிளகையும் பலாப்பழத்தையும் தலையில் சுமந்து, கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் இறங்கிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போவோம். ஒருமுறை சந்தையில் ஒரு வியாபாரி எங்கள் மிளகைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, மலைக்காரன் சரக்கில் பாதி கல்லுதான் என்றான். கூச்சலில் என் கணவருக்கு அது சரியாகக் கேட்கவில்லை. என்ன சொல்கிறான் என்று அண்ணனைக் கேட்டார். மலை மிளகு கல்லு மாதிரி கெட்டியாக இருக்கிறதாம், மெச்சுகிறான் என்றார் மூத்தார். என் கணவர் மனம் குளிர்ந்துபோய் அவனுக்கு ஒரு பிடி கூடவே அள்ளிப் போட்டார். வியாபாரி சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது, திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு பிடி மிளகை எண்ணி முனகிக்கொண்டே வந்தேன். மூத்தாரோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். யாரும் யாரையும் அடிக்காமல் சந்தை முடிந்ததே என்ற நிம்மதி அவருக்கு.

அவர் சிறு வயதில் ஒரு கங்காணியோடு மேற்கே தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். அங்கே குளிர்காய்ச்சல் வந்து கிடந்தபோது உடன் போனவர்கள் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். யாரோ ஒரு மலையாளக் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் படுக்கவைத்து, எழுந்து நடக்கும்வரை கஞ்சி ஊற்றியிருக்கிறது. இதை அவர் அடிக்கடி சொல்ல மாட்டார். சொன்னால் கண் கலங்கிவிடும். அந்தக் கஞ்சியோடு அவர்கள் பேச்சும் வந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்தப் பேச்சு தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அது தெரியாமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு.

மேற்கே நிலம் கிடைக்காமல் கேரளத்திலிருந்து ஆட்கள் மலை மலையாகத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஊருக்கு முதலில் வந்தது வர்க்கியின் குடும்பம். நல்ல மழை. தலையில் பாய்ச்சுருட்டும் சட்டியுமாக வர்க்கி, பின்னால் அவன் மனைவி ஏலி, அவள் இடுப்பில் சாக்கோ என்ற ஐந்து வயதுப் பையன். ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. வர்க்கி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னான். ஒருவருக்கும் விளங்கவில்லை. மூத்தாரைக் கூப்பிட்டார்கள்.

ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவு எங்கள் ஊர்க்கவுண்டருக்கும் அவர் பங்காளிகளுக்கும் சொந்தம். கொத்திக் கொத்திச் சாமை விதைத்து, மண் களைத்துப்போனதால் ஆறப் போட்டிருந்தார்கள். அதைத்தான் வர்க்கி விலைக்குக் கேட்டான். எங்களுக்குக் கொத்திப் பயிரிடும் காட்டை விற்கிற வழக்கம் கிடையாது. கேட்டு வந்தவனுக்குப் பிழைத்துக்கொள்ளக் கொடுப்போம், அவ்வளவுதான். வாங்கினவன் வருஷத்துக்கு ஒரு சாமைக் கதிர்க்கட்டைக் கோயிலில் ஊர்க்கவுண்டர் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாங்கிக்கொண்டால் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம். எந்த வருஷம் வாங்காமல் கையைக் கட்டிக்கொள்கிறாரோ அந்த வருஷம் காடு திரும்பிவிடும், மறுபேச்சு இல்லை. இதை அப்படியே அவனிடம் சொல் என்றார் ஊர்க்கவுண்டர்.

மூத்தார் வர்க்கியைப் பார்த்தார். ஏலியின் இடுப்பில் குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது. கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள், உன்னால் முடிந்ததைக் கொடு என்று வர்க்கியிடம் சொன்னார். வர்க்கி மடியை அவிழ்த்தான். ஏலியின் காதிலும் கழுத்திலும் கிடந்ததை விற்ற காசு அது. அந்தக் காசை மூத்தார் ஊர்க்கவுண்டர் கையில் கொடுத்து, நம் சாமிக்குக் காணிக்கையாம் என்றார். ஊர்க்கவுண்டருக்குப் பூரித்துப்போயிற்று. வந்ததும் வராததுமாகச் சாமியை நினைத்தானே என்று அந்தக் காசில் கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் கட்டினார். ஓடைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கிய சந்தோஷம், இந்தப் பக்கம் மணி வாங்கிய சந்தோஷம். நடுவில் நின்று மூத்தார் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

கோயில் இருக்கும் பாதையில் நாங்கள் செருப்புப் போட மாட்டோம். வர்க்கி போட்டுக்கொண்டு நடந்தான். கழற்றச் சொல், இல்லாவிட்டால் காலை ஒடிப்போம் என்று இளவட்டங்கள் மூத்தாரிடம் சொல்லியனுப்பினார்கள். அவர் போய், அந்தப் பாதையில் பாசி வழுக்கும், செருப்போடு நடந்தால் இடுப்பு ஒடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தார். வர்க்கி உடனே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். பார், சாமிக்குப் பயப்படுகிறான் என்று ஊரில் பேச்சு. கோடை வந்தது, பாசி காய்ந்தது, வர்க்கி செருப்பை மாட்டிக்கொண்டு ஜம்மென்று நடந்தான். தெரிந்தே சாமியை மிதிக்கிறான் என்றார்கள். அவன் வீட்டு மேல் கல் விழுந்தது. எதற்காக விழுந்தது என்று அந்த மனுஷனுக்குக் கடைசிவரை தெரியாது. கல் எறிந்தது குரங்கு என்று மூத்தார் அவனிடம் சொல்லியிருந்தார்.

பின்னால் இன்னும் சில குடும்பங்கள் வந்தன. வந்தவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. எங்கள் மாடு அவர்கள் மரவள்ளியை மேயும். அவர்கள் பன்றி எங்கள் சாமையைக் கிளறும். ஓடைக்கு இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று கத்துவார்கள். மூத்தார் முழங்கால் தண்ணீரில் நடுவே நின்று இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திரும்புவார். ஏலியிடம் பழகிப் பழகி எனக்கும் அவர்கள் பேச்சு அரைகுறையாகப் புரியத் தொடங்கியிருந்தது. வர்க்கி எங்கள் பரம்பரையையே இழுத்து ஏசுவான். நம் மாட்டுக்கு நல்ல கயிறு ஒன்று தருகிறேன் என்கிறான் என்பார் மூத்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ஒரு தை மாதம் எங்கள் காட்டின் ஓரத்தில் கதிர் அறுத்த தடம் பார்த்தேன். களவு போய்விட்டது என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தால் மூத்தார் கோயிலுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். கக்கத்தில் சாமைக் கதிர்க்கட்டு, வர்க்கி கோயிலில் கொடுக்க வேண்டிய கட்டு அது. வர்க்கி போட்டிருந்ததோ மரவள்ளியும் மிளகும் காப்பியும். அவனிடம் சாமை ஏது? வருஷா வருஷம் நம் காட்டுக் கதிரை அறுத்து, வர்க்கி கொடுத்தனுப்பினான் என்று ஊர்க்கவுண்டர் கையில் கொடுத்து வந்திருக்கிறார். கொடுக்க வேண்டும் என்ற வழக்கமே வர்க்கிக்குத் தெரியாது. என் கணவரிடம் சொன்னால் அண்ணனை ஒன்றும் கேட்க மாட்டார். எப்படியோ சண்டை இல்லாமல் போனால் சரி என்பார். அந்த வீட்டில் எல்லாருமே அப்படித்தான், நான் ஒருத்திதான் பொல்லாதவள்.

காலம் ஓடியது. ஊர்க்கவுண்டரின் இளைய மகனுக்குக் கல்யாணமாகித் தனிக் குடித்தனம் வைக்க வேண்டி வந்தது. கொத்தித் தின்ன அவனுக்குக் காடு வேண்டும். சாமை போடாமல் சரிவு ஆறியது போதும் என்று முடிவு செய்தார்கள். அந்தத் தையில் மூத்தார் கதிர்க்கட்டை நீட்டியபோது ஊர்க்கவுண்டர் கையைக் கட்டிக்கொண்டார். கோயில் முன்னால் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். காட்டை விட்டுவிடச் சொல், சித்திரை மழைக்கு நாங்கள் கொத்த வருவோம் என்றார்.

"சொல்லிரலாம் உடுங்க" என்றார் மூத்தார். கதிர்க்கட்டைத் திரும்பக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மறுநாள் ஓடையைத் தாண்டிப் போனார். வர்க்கி வீட்டில் பால் இல்லாத கட்டங்காப்பி குடித்தார், மரவள்ளி அவித்துக் கொடுத்ததைத் தின்றார், பொழுது சாய வந்தார். கொஞ்சம் அவகாசம் கேட்கிறான் என்று ஊர்க்கவுண்டரிடம் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஓடையில் ஏலியைப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு. ஊர்க்கவுண்டர் எங்கள் மிளகுக்கொடியைப் புகழ்ந்தாராமே, உங்கள் வீட்டுப் பெரியவர் வந்து சொன்னார் என்றாள். அதை நம்பி வர்க்கி இன்னும் ஒரு வரிசை கொடி நடக் குழி எடுத்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் எடுக்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் மூத்தாரை மாட்டுக்கொட்டகையில் பிடித்தேன்.

"ஏனுங்க மாமா, அவுங்ககிட்ட நீங்க ஒண்ணுமே சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது அம்மிணி? கொடியெல்லாம் இப்ப நல்ல காப்புல இருக்குது. அந்தப் புள்ள காதுல கெடந்தத வித்த காசு."

அப்போதுதான் மணி வாங்கிய காசின் கதையை என்னிடம் சொன்னார்.

"சித்திரையில கொத்த வருவாங்களே மாமா. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"அதுக்குள்ள பழகிருவாங்க. இத்தன வருசம் ஒரே தண்ணியக் குடிச்சுருக்கறாங்க. மொகத்துக்கு நேரா வந்து போன்னு சொல்ல மனசு வருமா?"

அவர் ஒப்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார். அதுதான் என்னை அழ வைத்தது. நீங்கள் சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். கையெடுத்துக் கும்பிட்டார். கணவனின் அண்ணன், என்னைவிட எத்தனையோ வயது மூத்தவர், மாட்டுச் சாணத்துக்கு நடுவே நின்று என்னைக் கும்பிட்டார். நாளைக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றார். அந்த நாளை வரவேயில்லை. அவர் போகத்தான் செய்தார், காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தார்.

சித்திரையில் முதல் மழை பெய்த மறுநாள் காலை ஊர்க்கவுண்டரும் மகன்களும் பங்காளிகளும் களைக்கொத்தும் கொடுவாளுமாகக் கிளம்பினார்கள். என் கணவரும் போனார். மூத்தார் எல்லாருக்கும் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார். நாங்கள் பெண்கள் ஓடைக்கரை வரைக்கும் வந்து நின்றுவிட்டோம். அங்கிருந்தே எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

மூத்தார் இருக்கிறாரே என்று எங்கள் பேச்சைக் கற்காமலே இருந்துவிட்ட வர்க்கி வாசலில் நின்று என்ன விஷயம் என்று தன் பேச்சில் கேட்டான். மூத்தார் வாயைத் திறந்தார். அதற்குள் சாக்கோ அப்பனைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். மீசை அரும்பிய பையனாகிவிட்டான் அவன். எங்கள் பையன்களோடு மாடு மேய்த்தும் சந்தையில் மரவள்ளி விற்றும் வளர்ந்தவன்.

"நீங்க சும்மா இருங்க பெரியவரே, நானே பேசிக்கறேன்" என்றான். சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சு.

ஊர்க்கவுண்டரைப் பார்த்து எதற்குக் கொத்தோடு வந்தீர்கள் என்றான். எங்கள் காட்டைக் கொத்த வந்தோம் என்றார் அவர்.

"எங்கம்மா நகைய வித்து உங்ககிட்ட வாங்கின காடுங்க இது. ஒருத்தன் கால் வெச்சாலும் வெட்டுவேன்."

"எங்ககிட்ட வாங்கினயா?" ஊர்க்கவுண்டருக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, திகைத்துத்தான் போனார். மெல்ல மூத்தார் பக்கம் திரும்பினார். "ஏப்பா, சாமிக்குக் காணிக்கைன்னுதான குடுத்தே?"

அங்கே அப்பனுக்கு மகன் அதை எடுத்துச் சொன்னான். வர்க்கியும் மூத்தாரைப் பார்த்தான். இரண்டு பக்கத்து ஆட்களும் பார்த்தார்கள். அவர் நெட்டை உடம்பு ஒடுங்கிப் பாதியாகிவிட்டது போல இருந்தது. அப்போதும் அவர் விடவில்லை. இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றார்.

"சின்னப் பையனுங்க, கோவத்துல பேசறான். அவன் சொல்ல வாரது என்னன்னா..."

"நான் சொல்ல வாரது இதுதானுங்க" என்றான் சாக்கோ. "எங்க காட்ட உட்டு வெளிய போங்க."

ஊர்க்கவுண்டரின் இளைய மகன் அதற்குப் பதில் சொன்னான். அந்தப் பதிலை நான் எழுத மாட்டேன். பன்னிரண்டு வருஷமாக இரண்டு பக்கமும் ஏசிய ஏச்சில் ஒன்றுகூட அக்கரை சேர்ந்ததில்லை. அன்றைக்கு ஒன்று விடாமல் சேர்ந்தது. நடுவில் ஆள் தேவைப்படவில்லை. அந்த இளைய மகன்தான் முதல் கொடியை வெட்டினான். பிறகு எல்லாரும் வெட்டினார்கள். பச்சை மிளகு கொத்துக் கொத்தாகத் தரையில் கிடந்தது. ஏலி அதை மடியில் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே அழுதாள். சாக்கோ வீசிய கொடுவாள் இளைய மகனின் தோளில் இறங்கியது. பதிலுக்கு அடித்ததில் சாக்கோவின் கை ஒடிந்தது. மூத்தாரை யாரோ பிடித்துத் தள்ளினார்கள். தள்ளியது யார் என்று நான் பார்த்தேன், என் கணவர்தான்.

போலீஸ் மலையேறி வந்தது. கேஸ் நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. அது முடியும்வரை யாரும் சரிவில் இறங்கக் கூடாது என்று உத்தரவு. மிளகும் இல்லை, சாமையும் இல்லை, உன்னிச்செடி மண்டிப் பன்றி குடியிருந்தது. ஊர்க்கவுண்டர் தீர்ப்பைப் பார்க்காமலே செத்துப்போனார். அவர் இளைய மகன் தோளில் வலுவில்லாமல் கீழே மில் வேலைக்குப் போய்விட்டான். வர்க்கி வேறு தோட்டங்களில் கூலிக்குப் போனான். ஓடையில் தண்ணீர் எடுக்க அவர்களுக்கு ஒரு துறை, எங்களுக்கு ஒரு துறை என்று ஆயிற்று. ஏலி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளிடம் நானும் எதைச் சொல்லிப் பேசுவேன்?

மூத்தாரை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டார்கள். மேற்கேயிருந்து வந்தவனிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு காட்டை விற்றவன் என்றது ஊர். எங்கள் காசை விழுங்கி ஏமாற்றியவன் என்றார்கள் அவர்கள். விழுங்கிய காசு கோயிலில் மணியாகத் தொங்கியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. என் கணவர்கூட அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். நான்தான் சோறு போட்டேன். அவரை நினைத்து எனக்குக் கோபமும் பாவமும் மாறி மாறி வரும். பாதி நாள் கோபத்தோடுதான் போட்டேன்.

சண்டை நடந்து கொஞ்ச நாள் போயிருக்கும். மூத்தார் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் துண்டில் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினார். சாக்கோவின் கையைப் பார்த்துவிட்டு வரப் போகிறாராம். ஊர்க்கவுண்டர் ரொம்ப வருத்தப்படுகிறார் என்று சொல்லப் போகிறாராம். வேண்டாம் மாமா என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. எனக்கு மனசு கேட்காமல் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் எங்கள் துறையில் நின்றேன்.

சாக்கோ கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தான். மூத்தார் துண்டை அவிழ்ப்பதற்குள் பழத்தைத் தட்டிவிட்டான். நீதான் எங்களைக் கெடுத்தது, இனி இந்த வாசலில் கால் வைத்தால் அந்தக் கால் இருக்காது என்று தமிழில் கத்தினான். எங்கள் துறை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. மூத்தார் குனிந்து பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். நான் குறுக்குத் தடத்தில் ஓடி அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தேன்.

வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். என்ன சொன்னான் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பையன் தமிழ் நல்லாப் பேசறான் அம்மிணி" என்றார். "வயசான காலத்துல ஏன் இத்தன தூரம் ஏறி எறங்கறீங்க பெரியவரே, காலு நோகுமில்ல, இனி வர வேண்டாம்னு சொல்லீட்டான்."

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஆமாங்க மாமா, நோகத்தான் செய்யும்" என்றேன்.